மழை புகாத கார்

1

இந்த வாரம் எங்கள் வீட்டுக் காரின் கதவுகளுக்கு மறுபடியும் ரப்பர் பட்டை மாற்றுகிறோம். சென்ற ஐப்பசியில் ஒட்டிய பட்டையை மதுரை வெயில் ஒரே கோடையில் கருவாடாக்கிவிட்டது. விரலால் வளைத்தால் முறிகிறது. என் கணவர் குந்தியிருந்து அதைச் சுரண்டி எடுக்கிறார். நான் பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறேன். சின்னவன் அந்தக் கிண்ணத்தில் கைவைத்துவிடுவானோ என்ற பயத்தில் பாதிக் கவனம் அவன் மேல்தான்.

யாழ்ப்பாணத்துத் தோழிகள் கடிதம் எழுதும்போதெல்லாம் மதுரைக் கோயிலைப் பற்றி எழுது, சித்திரைத் திருவிழாவைப் பற்றி எழுது என்று கேட்கிறார்கள். அவற்றைப் பற்றி எழுத இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கடல் தாண்டி வந்து ஐந்தாவது வருடம் நடக்கும் எனக்கு, இன்று எழுதக் கைவருவது இந்தப் பட்டையைப் பற்றித்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரைச் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் இந்த ஊரில் வக்கீலாக இருந்தவர். மில்லில் அதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது தன் ஸ்போர்ட்ஸ் காரை விற்றார். மாமனார் ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். பச்சை நிறம். நீண்ட மூக்கு. முன்னால் இரண்டு பேர் நன்றாக உட்காரலாம், நடுவில் ஒரு குழந்தையை வைத்துக்கொள்ளலாம். மேலே மடக்குகிற துணிக்கூரை. பின்னால் ஒரு மூடியைத் தூக்கினால் உள்ளே ஓர் இருக்கை வரும். அதை டிக்கி என்பார்கள். அதற்குக் கூரை கிடையாது. வேலைக்காரர்களும் மூட்டைகளும் போவதற்கு என்று வைத்ததாம்.

மாமனார் இறந்த பிறகுதான் நாங்கள் மதுரைக்கு வந்தோம். அதுவரை என் கணவர் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். அதே பள்ளிக்கூடத்தின் சின்ன வகுப்புகளுக்கு நான் ஆசிரியை. தகப்பன் இல்லாத வீட்டுக்கு மூத்த மகன் திரும்ப வேண்டியதாயிற்று. நானும் வந்தேன். எங்கள் மகள் பவளத்துக்கு அப்போது இரண்டு வயது நடந்தது.

2

பவளத்துக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சில் இழுப்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் எப்போதாவது வரும். மதுரையில் வாரம் தவறாமல் வந்தது. இங்கே புழுதி அப்படி. மாட்டு வண்டிகளும் பஸ்களும் போகிற தெருவில் காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். நான் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பழந்துணியைத் திணித்து வைத்தேன். மாமியார் ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏம்மா, காத்தையும் சேத்து அடச்சுட்டா பிள்ள எப்படி மூச்சு விடும்?"

அவர் சொன்னது சரிதானோ என்று துணியை எடுப்பேன். இழுப்பு வந்ததும் திரும்பத் திணிப்பேன். அந்த வருடம் முழுதும் இப்படியே போயிற்று. கடைசியில் டாக்டர், கொஞ்ச நாள் கடற்காற்றில் விட்டுப் பாருங்கள் என்றார். எனக்கு அடுத்த குழந்தை உண்டாகியிருந்தது. மசக்கையில் எழுந்து நடக்கவே முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து என் அண்ணன் வந்து பவளத்தை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று மாதம் என்றுதான் பேச்சு.

அந்தக் குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு நான் எழுந்து உட்காரவே வெகுநாள் ஆயிற்று. பவளத்துக்கு அங்கே இழுப்பு நின்றுவிட்டது என்று கடிதம் வரும். நின்றுவிட்டதே, இப்போது ஏன் கூட்டி வந்து கெடுப்பது என்று நினைப்பேன். பிறகு சின்னவன் வயிற்றில் வந்தான், பிறந்தான். ஒவ்வொரு முறையும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. மூன்று மாதம் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பவளத்தை அங்கே வளர்த்தவள் என் தங்கை தவமணி. அவளுக்கும் தை மாதத்தில் கலியாணம் நிச்சயமானது. அண்ணன் எழுதினார்: இனிப் பிள்ளையை நீங்கள் கூட்டிக்கொள்ள வேண்டும், ஐப்பசியில் நானே கப்பலேறி மண்டபம் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விடுகிறேன்.

3

ரயிலில் கூட்டி வரலாம் என்றார் மாமியார். ரயில் கரிப்புகை பவளத்தின் நெஞ்சுக்கு ஆகாது என்றேன் நான். காரில் போய்க் கூட்டி வருவதென்று முடிவு செய்தோம். ஆனால் அந்தக் காரோ, வெயில் காலத்தில் பாதிச் சாலையை உள்ளே அள்ளிக்கொள்ளும். மழைக் காலத்தில் மடியில் ஒழுகும். கதவுகளைச் சுற்றியும் கண்ணாடிக்குக் கீழேயும் இருந்த ரப்பர் பட்டை உதிர்ந்துபோயிருந்தது. ஐரோப்பாவில் சண்டை தொடங்கியதிலிருந்து அந்தச் சாமான் வருவதில்லை என்று சென்னைக் கடைக்காரர் எழுதிவிட்டார்.

என் கணவரின் பால்ய சிநேகிதர் மாணிக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவர் பழைய டியூப்களை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். டியூபை நீளவாக்கில் நறுக்கி, நடுவில் கம்பளித் துணியை உருட்டி வைத்து, நான் சாக்கு ஊசியால் தைத்தேன். அதைக் கதவின் விளிம்பில் பஞ்சர் சொலூஷனால் ஒட்டுவது என் கணவரின் வேலை.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? முதலில் ஒட்டிய பட்டை தடிப்பாகிவிட்டது. கதவு பூட்டு விழவில்லை. ஓங்கி அறைந்தால்தான் சாத்த முடிந்தது. பிரித்து மெல்லிசாகத் தைத்தேன். மூலையில் வளைக்கும்போது பட்டை மடிந்து புடைத்தது. அங்கே உள்பக்கம் சிறு வெட்டுகள் போட்டு வளைக்க வேண்டும் என்பது ஒன்றிரண்டைக் கெடுத்த பிறகு தெரிந்தது. பட்டை எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று பார்க்க இங்கேயும் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என் கணவர் வகுப்பிலிருந்து சாக்கட்டி கொண்டுவந்தார். பட்டை முழுவதும் சாக்கட்டியைத் தேய்த்து, கதவைச் சாத்தித் திறந்தால், எதிர்ப்பக்கத்தில் வெள்ளைக் கோடு விழ வேண்டும். கோடு அறுந்த இடத்தில் இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். நான் கோட்டைப் பார்த்தபடியே இருப்பேன். அறாத கோடு விழும்வரை எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மாணிக்கம் ஒரு பலகையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி வேடிக்கை பார்த்தார்.

"மாப்ள, இம்புட்டு ரப்பர ஒட்டுனா காரு தண்ணியில மெதக்கும்டா. மண்டபத்துல ஏன் நிக்கிற? அப்படியே கடல்ல எறக்கி யாழ்ப்பாணம் போயிரு. மாமியா வீட்டுல சோறு போடுவாக."

"நீ டியூப நறுக்குடா. வாய நறுக்காத."

"நான் எதுக்குச் சொல்றேன்னா, தங்கச்சி மொகத்தப் பாரு. பிள்ளைய கூட்டிட்டு வரப் போற மொகமாவா இருக்கு? பரீட்ச எழுதப் போற மொகம்ல அது."

நான் சிரித்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. நான் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தேன். கூரை போட்டு, கண்ணாடி ஏற்றி, கதவைச் சாத்தினார்கள். வெளியே குடம் குடமாக ஊற்றினார்கள். மாமியார் வாசலுக்கு வந்தார்.

"என்னப்பா, காருக்கு அபிசேகமா பண்றீக? அப்படியே ஒரு கொடம் பாலும் ஊத்துங்க."

அவர் வாய் அசைந்ததுதான் எனக்குத் தெரிந்தது. சொன்னதைப் பிறகு சொன்னார்கள். கண்ணாடியெல்லாம் நீராய் வழிந்தது. நான் கதவின் ஓரமெல்லாம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. சின்னவன் கண்ணாடியை நாக்கால் நக்கினான். இந்த இடத்தில், எனக்கும் என் கணவருக்கும் நடுவில், பவளம் உட்காருவாள். புழுதி படாது, மழை படாது. எனக்கு அன்று வந்த நிம்மதி அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

4

சின்னவனை மாமியாரிடம் விட்டுவிட்டு விடியுமுன் புறப்பட்டோம். பரமக்குடி, இராமநாதபுரம் தாண்டி மண்டபம் போய்ச் சேர்ந்தபோது ரயில் வந்திருந்தது. கப்பலில் வந்தவர்களை வரிசையாக நிறுத்திச் சுகாதார அதிகாரி ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் இல்லை. ஊரில் எங்கள் அயல்வீட்டுக்காரர்கள் இராமேசுவரம் போக வந்திருந்தார்கள். அவர்களோடு தவமணி நின்றாள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மெலிந்த சிறுமி நின்றாள். இரட்டைப் பின்னல். என் அம்மாவின் நெற்றி.

"அண்ணைக்கு லீவு கிடைக்கேல்லை அக்கா," என்றாள் தவமணி. "இவளும் நான் வராட்டில் வரமாட்டன் எண்டு ஒரே அழுகை. மதுரை வரைக்கும் வந்து விட்டிட்டுப் போறன்."

நான் குனிந்தேன். எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "பவளம், சாப்பிட்டியோ?" என்றுதான் கேட்க வந்தது.

அவள் தவமணியை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, இதுவோ மதுரை அம்மா?"

ஊரில் என் படத்தைக் காட்டி அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னை அவள் மறந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான். தவமணியைச் சின்னம்மா என்று கூப்பிடத்தான் பழக்கினார்களாம். சின்ன வாய்க்கு அது நீளமாக இருந்தது போலும்.

அதிகாரி கடதாசியைப் பார்த்தார். தாய் மதுரையில் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டார்.

"பாப்பா, இதுல உங்க அம்மா யாரு?"

பவளம் தவமணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். கடதாசியைப் பார்த்தார். "என்னங்க இது, பிள்ள அந்தம்மாவ காட்டுது?"

"அவங்க சித்திங்க," என்றார் என் கணவர். "சின்னதுலேர்ந்து வளத்தவங்க."

"வளத்தவங்க சரி. பெத்தவங்கள பிள்ளைக்கு அடையாளம் தெரியலையே. நான் எப்படி ஒப்படைக்கிறது?"

தவமணி அழத் தொடங்கினாள். "ஐயா, அதுதான் அவளின்ரை தாய். என்ரை அக்கா. நான் வெறும் சின்னம்மா." வெறும் என்ற சொல்லை அவள் சொன்ன விதம் அந்த அதிகாரிக்கும் கேட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு, "கூட்டிட்டுப் போங்கம்மா. போகப் போகப் பழகிரும்," என்று என்னிடம் கடதாசியைக் கொடுத்தார்.

5

காரின் கதவை நான்தான் திறந்தேன். உள்ளே இருக்கையில் துவைத்த விரிப்பு. சாய்ந்துகொள்ளச் சிறு தலையணை. பின்மூடியைத் தூக்கி, பெட்டியை வைத்து, தவமணி டிக்கியில் ஏறினாள். வேறு இடம் இல்லை.

"நான் அம்மாவோடைதான் இருப்பன்," என்றாள் பவளம்.

"மழை வரும் பிள்ளை. உள்ளுக்கு வா. உனக்காகத்தான் எல்லாம் அடைச்சு வைச்சிருக்கு."

வரவில்லை. தூக்கி உள்ளே வைத்தேன்; கதவைச் சாத்தினேன். அவள் வாயைத் திறந்து அழுத அழுகையில் மூச்சு நின்று, முகம் கறுத்து, பழைய இழுப்பின் சத்தம் தொண்டையில் கேட்டது. அந்தச் சத்தத்தை மூன்று வருடமாக நான் கேட்டிருக்கவில்லை. என் கணவர் எட்டிக் கதவைத் திறந்துவிட்டார். அவள் இறங்கி ஓடிப் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

மானாமதுரைக்கு முன்னால் மழை பிடித்தது. கொட்டுகிற மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. நான் தைத்த பட்டை ஓரிடத்திலும் விடவில்லை. துணிக்கூரையின் பின்பக்கத்தில் உள்ளங்கையளவு கண்ணாடி ஒன்று உண்டு. அதன் வழியே பார்த்தேன். தவமணி தன் தலைப்பை இரண்டு பேர் தலைக்கும் மேலே விரித்துப் பிடித்திருந்தாள். பவளம் அந்தத் தலைப்புக்கு வெளியே கையை நீட்டி மழையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். சத்தம் கேட்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ," என்றேன்.

"நிறுத்தி என்ன செய்யப் போற? வர மாட்டா."

"நான் போறன்."

அவர் நிறுத்தினார். நான் மழையில் இறங்கிப் பின்னால் ஏறினேன். டிக்கி இரண்டு பேருக்கானது. மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்தோம். என் கணவர் மட்டும் உலர்ந்த காருக்குள் தனியே ஓட்டினார். வழியில் குடை பிடித்துப் போன ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, பொம்பளைகளை நனய விட்டுட்டு நீ மட்டும் உள்ள உக்காந்து போறியே, நியாயமா?" என்று அவரைக் கண்டித்தார்.

பவளம் என்னைத் தள்ளவில்லை. ஆனால் என் பக்கம் சாயவும் இல்லை. தவமணி தன் தலைப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள். நானும் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மதுரை வரும்வரை அப்படியே வந்தோம். அன்று பவளத்துக்கு இழுப்பு வரவில்லை. காய்ச்சல்கூட வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

6

தவமணி சில நாள் இருந்தாள். பவளத்துக்கு இழுப்பு வந்தால் முதுகை எப்படித் தடவ வேண்டும், எந்தப் பாட்டுக்கு நித்திரையாவாள், பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். என் பிள்ளையைப் பற்றி என் தங்கையிடம் நான் பாடம் கேட்டேன். சில சமயம் அவள் சொன்னதைச் செய்யாமல் எனக்குத் தெரிந்தபடி செய்து பார்ப்பேன். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

புறப்படும் நாள் வந்தபோது மாமியார் கேட்டார். "பிள்ளைகிட்ட எப்படிம்மா சொல்லப் போற?"

தவமணி என்னைப் பார்த்தாள். "அவள் நித்திரையாய் இருக்கேக்கை போறன் அக்கா. முழிச்சு நிண்டாள் எண்டால் என்னாலை ஏலாது."

அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. பவளம் மத்தியானம் உறங்கியபோது அவள் போனாள்.

எழுந்த பவளம் வீடு முழுதும் தேடினாள். பிறகு கார் நிற்கும் கொட்டகைக்குப் போய், பின்மூடியைத் திறக்கச் சொன்னாள். என் கணவர் திறந்து காட்டினார். எட்டிப் பார்த்தாள். மறுநாள் காலையில் எழுந்ததும் மறுபடி போய்த் திறக்கச் சொன்னாள். அதற்கடுத்த நாளும். ஒருநாள் என் கணவர் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று சாயங்காலம் திறக்கிறேன் என்றார். சாயங்காலம் அவள் கேட்கவில்லை.

7

இப்போது பவளம் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். இழுப்பு எப்போதாவது வருகிறது; முதுகு தடவினால் தணிகிறது. "அம்புட்டும் வேணும்", "இந்தா வாரேன்" என்று பேசுகிறாள். நான் கதைக்கிற தமிழைக் கேட்டு, "நீங்க பேசறது வேடிக்கையா இருக்கும்மா" என்கிறாள். எந்த நாளில் மதுரை அம்மா என்பதில் மதுரை போயிற்று என்று நான் கவனிக்கவில்லை. அவ்வளவு ஏங்கியிருந்தும் அந்த நாள் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

போன வாரம் தவமணியும் அவள் கணவரும் சிதம்பரம் போகும் வழியில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார்கள். வாசலில் காலடி வைத்ததும் தவமணி, "குஞ்சு" என்று பழைய செல்லப் பெயரால் கூப்பிட்டுக் கையை நீட்டினாள். பவளம் என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தவமணியும் சிரித்தாள். இராச்சாப்பாட்டில் பாலைக் கொடுக்கும்போது அவள் ஆடையை எடுத்துவிட்டுக் கொடுத்தாள். "ஆடை எனக்குப் பிடிக்குமே," என்றாள் பவளம்.

ரயிலுக்கு எல்லோரும் போனோம். பெட்டியில் ஏறுவதற்கு முன் தவமணி மேடையிலேயே குந்தியிருந்து பிள்ளையின் பின்னலைச் சரிசெய்தாள். சரியாக இருந்த பின்னலைத்தான்.

"உனக்குச் சின்னம்மாவை ஞாபகம் இருக்கோ? மழைக்குள்ளை டிக்கியிலை வந்தமே?"

பவளம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "அப்பா சொல்லியிருக்காரு," என்றாள்.

வண்டி ஊதியது. பெரியவர்களை வழியனுப்பும்போது எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான்தான் அவளைப் பழக்கியிருந்தேன். அவள் கைகளைக் குவித்து, நான் பழக்கியபடி ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாள்:

"போயிட்டு வாங்க சித்தி."

தவமணி எழுந்து நின்றாள். ஜன்னலருகே போய் உட்காரும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தாள்.

"மரியாதை தெரிஞ்ச பிள்ளையாய் வளர்த்திருக்கிறீங்கள் அக்கா," என்றாள்.